கத்தி தேவைப்படாத விருந்து

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விசாரணைக் கவுண்டரின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்குக் கிடையாது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. கடைசிப் பேருந்து ரத்து என்பதைக்கூடப் பிறந்தநாள் வாழ்த்து மாதிரிதான் சொல்லுவாள். கேட்டவர்களுக்குக் கோபம் வருவதற்குள் அறிவிப்பு முடிந்திருக்கும். அந்தக் குரலை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைப்பு ஓடியது. வீட்டிலும் பல விஷயங்களை அதே குரலால்தான் பூசி மெழுகினாள்.

அவள் கணவர் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். கடை அவளுடைய அண்ணனுடையது. மாஸ்டர் துணியை மேசையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை வைத்தாரென்றால் ஒரே ஓட்டம்தான். நடுவில் நிற்பது, யோசிப்பது எல்லாம் கிடையாது. தைக்கிறவர்கள் வருவார்கள், போவார்கள். வெட்டுகிறவர் இவர் ஒருவர்தான். இவர் வெட்டியதில் தப்பு இருக்கும் என்று அந்தக் கடையில் ஒரு ஈ எறும்பு கூட நினைக்காது.

இந்தப் பெருமை வருடத்துக்கு ஒருமுறை சாப்பாட்டு மேசைக்கும் வரும். கிறிஸ்துமஸ் மத்தியானம் அண்ணன் குடும்பம் இவள் வீட்டுக்கு வந்துவிடும். முழு வான்கோழியைச் சுட்டு நடுமேசையில் வைப்பார்கள். மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்று, கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு, "யாருக்கு எத்தனை இஞ்ச்?" என்று கேட்பார். வருடா வருடம் அதே ஜோக். வருடா வருடம் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களுக்குக் கழுத்துத் துண்டுதான் என்று மிரட்டல் வேறு. அதற்குப் பிறகு கத்தி இறங்கும். நெஞ்சுக்கறி ஒரே கனத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயும். துணி மடித்து வைத்த அழகு.

இந்த வருடம் அந்தக் கத்தியை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் மாஸ்டரின் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

மழைக்காலத்தில்தான் முதலில் கவனித்தாள். "எனக்கு இனிமே அரை டம்ளர் டீ போதும்" என்றார். சரி, வயசாகிறது, சர்க்கரைக்குப் பயப்படுகிறார் என்று விட்டுவிட்டாள். பிறகு பேப்பரைக் கையில் பிடிக்காமல் மேசையில் பரப்பிப் படித்தார். சட்டையின் மேல் பட்டன் திறந்தபடியே கடைக்குப் போனார். இந்த மனிதர் பட்டன் போடாமல் வாசல் தாண்டிய ஆளே இல்லை. ஒருநாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய கட்டைவிரலும் பக்கத்து விரலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலை உருட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்தாள். அவருக்கே அது தெரியவில்லை. இவள் கேட்கவும் இல்லை. கேட்டுவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் கடை என்று வந்துவிட்டால் கூடப் பிறந்தவளையும் பார்க்கமாட்டார், கும்பிடுகிற சாமியையும் பார்க்கமாட்டார். கை நடுங்குவது தெரிந்தால் கத்தரியை வாங்கி வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, நீங்க சும்மா முன்னாடி உக்காந்து வர்றவங்களை வாங்கன்னு சொல்லுங்க, போதும்" என்பார். மரியாதையாகத்தான் சொல்லுவார். மாஸ்டர் அன்றைக்கே பாதி ஆளாகிவிடுவார். அண்ணனுக்கு முன்னால் அவர் கையில் கத்தி இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் திட்டம்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, இந்த வருஷம் வான்கோழி வேண்டாம்னு பாக்கறேன்."

"ஏன், வான்கோழி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"சின்னவதான் கறியே தொடறதில்லையே. அவ முன்னாடி அத்தனை பெரிய பறவையை வச்சுக்கிட்டு..."

சின்னவள் என்பது அண்ணன் மகள், கல்லூரிக்குப் போகிறவள். போனை அப்பாவிடமிருந்து பிடுங்கிவிட்டாள். "அத்தை, எனக்காகன்னா சத்தியமா வேண்டாம். எனக்கு நாலு உருளைக்கிழங்கை வறுத்து வச்சா போதும். அப்பா வான்கோழி இல்லாம மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருந்தா வருஷம் பூரா நான்தான் கேக்கணும்."

ஒரு வழி அடைந்தது. மைக் அக்கா அசரவில்லை.

"அதுக்கில்லண்ணா, வான்கோழி வறண்டு போயிடுது. போன வருஷம் உனக்குத் தொண்டையில நின்னுச்சே, மறந்துட்டியா? இந்த வருஷம் ஆளுக்கு ஒரு காடை வைக்கறேன். முழுசா, தட்டுல வச்சா அழகா இருக்கும்."

"காடையா? என் பல்லு இடுக்குல போயிடும்டி அது."

"அப்போ பெரிய மீனா ஒண்ணு. ஓவன்ல வச்சு எடுத்தா கரண்டி பட்டாலே உதிரும். இல்லன்னா கொத்துக்கறியைப் பரப்பி, மேல உருளைக்கிழங்கை மசிச்சுப் போட்டு சுட்டுடறேன். எல்லாரும் அள்ளி அள்ளிப் போட்டுக்கலாம்."

அண்ணன் மெதுவாக, "காடையைப் பண்ணு. மீனையும் பண்ணு. வான்கோழியை நான் கொண்டுவர்றேன், பேக்கரியில சுட்டே தர்றாங்க" என்றார். "மாப்பிள்ளை வெட்டாம கிறிஸ்துமஸா?"

கடைசி வாக்கியம் அவளுக்குச் சரியாகப் படவில்லை. அதில் சிரிப்பே இல்லை. விஷயம் மறுநாள் அண்ணி போன் செய்தபோதுதான் புரிந்தது. அண்ணிக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"நான் சொன்னேன்னு சொல்லிடாத. கடையில சட்டையெல்லாம் திரும்பி வருது. காலர் கோணுதாம். ஒரு முனை மேல, ஒரு முனை கீழ. தப்பு காலர்காரர் மேலயா, மாப்பிள்ளை மேலயான்னு உங்க அண்ணனுக்குத் தூக்கமே இல்ல. மாப்பிள்ளைகிட்ட நேரா கேக்க வாய் வரல. 'விருந்தன்னைக்குப் பக்கத்துல உக்காந்து அவர் கையைப் பாத்துட்டா தெரிஞ்சிடும்'ன்றார்."

அண்ணி போனை வைத்தபிறகும் இவள் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். விருந்துக்கு வருகிறாரா, பரீட்சை வைக்க வருகிறாரா?

காலர்காரர் யாரென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடையில் காலர் மட்டுமே தைக்கிற ஆள். அதனால்தான் அந்தப் பெயர். சாயங்காலம் வேலை முடிந்து பேருந்து ஏற வருகிறபோது அவள் கவுண்டர் முன்னால் நின்று, "அக்கா, என் பஸ் எங்க நிக்குது?" என்று கேட்பார். தினமும் மூன்றாம் மேடையில்தான் நிற்கிறது, அவருக்கும் அது தெரியும். ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போக அது ஒரு சாக்கு.

அன்றைக்கு அவர் கேட்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். அவ்வளவுதான்.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான்க்கா இருக்கு." பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். காலரின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. "இதை நூல் பிரிச்சு மறுபடி தச்சேன். அப்பவும் கோணுது. மறுபடி பிரிச்சேன். துணியே நைஞ்சு போச்சு. முதலாளி, பண்டிகை முடியட்டும், யோசிக்கறேன்னுட்டார். வேற இடம் பாத்துக்கோன்னுதான் சொல்லப்போறார்."

அவள் மைக்கை அணைத்து வைத்தாள்.

"மாஸ்டர் வெட்டினது தப்பா இருக்காதுக்கா. அப்போ என் கைதானே? கண்ணு மங்கிடுச்சோன்னு போய்க் காட்டினேன். கண்ணாடியே வேண்டாம், நல்லா இருக்குன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் ஏன்க்கா கோணுது?" என்று தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாயிடும் தம்பி. உங்க பஸ் மூணாம் மேடையில நிக்குது." ரத்தான பேருந்தை அறிவிக்கிற அதே குரல். அது தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. காலர்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் பேருந்து கிளம்பியதை அறிவிக்க அவள் மறந்துபோனாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு அறிவிப்பை அவள் விட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் சமையலறையில் விளக்கு எரிகிறது. மாஸ்டர் அடுப்பு மேடை முன்னால் நிற்கிறார். முன்னால் ஒரு முழு ரொட்டி. வலது கையில் நீளக் கத்தி, இடது கை வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பக்கத்துத் தட்டில் தடியும் ஒல்லியுமாகத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு வாரமாகக் காலையில் ஏன் வெறும் ரொட்டியாகவே சாப்பிட வேண்டியிருந்தது என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"காடைக்குக் கத்தி வேண்டாம்" என்றார். "மீனுக்கும் வேண்டாம். கொத்துக்கறிக்கும் வேண்டாம். உங்க அண்ணன்கிட்ட நீ போன்ல சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு, எதுலயும் கத்தியே இல்ல. எப்பத்திலேர்ந்து தெரியும் உனக்கு?"

"அரை டம்ளர் டீயிலேர்ந்து."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். வைக்கும்போது அது மேடையில் தடதடவென்று தட்டி அடங்கியது. அவள் அழுதாள். அவருக்கு அழத் தெரியாது, அதனால் கோபப்பட்டார்.

"எதுக்கு என்னை மூடி மறைக்கற? குழந்தையா நான்? முழங்கையை இடுப்போட சேத்து வச்சா கை நிக்குது. பத்து நிமிஷம் நிக்கும். வான்கோழிக்குப் பத்து நிமிஷம் போதும்."

"டாக்டர்கிட்ட போலாங்க."

"பண்டிகை முடியட்டும்."

"பண்டிகை முடியட்டும்னுதான் காலர்காரர்கிட்டயும் அண்ணன் சொல்லியிருக்கார். அவர் இன்னைக்கு என்கிட்ட வந்து..."

"அதை என்கிட்ட சொல்லாத!" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா? அவன் நூலைப் பிரிக்கறதை நான் தினம் பாத்துட்டுத்தான் இருக்கேன். வாயைத் திறந்தா கத்தரி போச்சு. கத்தரி போனா நான் என்ன பண்றது, பட்டன் கட்டறதா? அதுக்கும் இதே கைதான் வேணும்."

யாரிடமும் சொல்லாமல் இருப்பது என்று அந்தச் சமையலறையில் முடிவாகிவிட்டது. அந்த முடிவில் தனக்குப் பாதிப் பங்கு என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அண்ணன் குடும்பம் வந்தது. அண்ணி கையில் கேக், சின்னவள் கையில் பூ, அண்ணன் கையில் பெரிய அலுமினியத் தட்டில் பொன்னிறமாக வான்கோழி. வழக்கமாக அண்ணன் ஜன்னலோரம்தான் உட்காருவார், காற்று வரவேண்டும் அவருக்கு. இன்றைக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் மாஸ்டரின் வலது பக்கம் போட்டார். அண்ணி இவளைப் பார்த்தாள். இவள் மீனைப் பார்த்தாள்.

மாஸ்டர் எழுந்தார். சட்டைக் கையை மடித்தார். அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "யாருக்கு எத்தனை இஞ்ச்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனைத் தவிர. அவர் கண் கத்திமேலேயே இருந்தது.

முழங்கை இடுப்போடு ஒட்டியது. இடது கையில் முள்கரண்டி, அதே கையின் சுண்டுவிரல் வலது மணிக்கட்டில் சாய்ந்திருந்தது. கத்தி இறங்கியது. முதல் துண்டு சாய்ந்தது. நேர்த்தியாகத்தான் வந்தது. இரண்டாவதும் வந்தது. அவள் கையில் பிடித்திருந்த துணி பிழிந்த மாதிரி சுருண்டுவிட்டது. ஒருமுறை கத்திமுனை தட்டின் விளிம்பில் பட்டு டிங் டிங்கென்று ஒலித்தது. உடனே, "சின்னவளே, உருளைக்கிழங்கை எடுத்துக்கோம்மா, ஆறிடும்!" என்று குரலை உயர்த்தினாள். அந்தச் சத்தம் அதில் அமுங்கிப் போயிற்று. துண்டுகள் ஒரே கனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. கடைசித் துண்டையும் வைத்துவிட்டு மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். நெற்றி வியர்த்திருந்தது.

அண்ணன் பெருமூச்சு விட்டார். அந்த முகத்தில் இருந்த இறுக்கம் கரைந்து, பழைய அண்ணன் ஆனார்.

"மாப்பிள்ளை, நீங்க மாப்பிள்ளைதான்!" என்று தோளில் தட்டினார். "மனசுல ஒரு கல்லு இருந்துச்சு, இப்பதான் இறங்குச்சு. வேற ஒண்ணுமில்ல, அந்தக் காலர்காரர் விஷயம்தான். நாளைக்கே அனுப்பிடறேன். நல்ல மனுஷன்தான், ஆனா கை போயிடுச்சு. என்ன பண்றது? உன் அண்ணி சொல்லியிருப்பாளே. சரி, காடையை இந்தப் பக்கம் தள்ளு."

அவ்வளவுதான். ஜெயித்தாயிற்று. எதற்காக இத்தனை நாள் அலைந்தாளோ அது நடந்துவிட்டது. காடைத் தட்டைத் தள்ளுவதற்குக் கையை நீட்டினாள். காலர்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. தட்டு நகரவில்லை.

"அவர் மேல தப்பில்லண்ணா."

"யார் மேல?"

"காலர்காரர் மேல. வெட்டுதான் தப்பு." மைக் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஏதோ சின்னப் பிள்ளை பேசுவதுபோல் வந்தது. "இவர் கை நடுங்குது. ரொம்ப நாளா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உன்கிட்ட காடை, மீனுன்னு கதை விட்டேன்."

அண்ணன் துண்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்னடி உளர்றே? இப்பத்தானே கண்ணு முன்னாடி வெட்டினார். ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. 'இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு மச்சான்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்டில் சாட்சி அடுக்கிக் கிடக்கிறது. அண்ணன் நம்புவார். இவள் பைத்தியக்காரி ஆவாள், கத்தரி பிழைக்கும். அவர் அப்படிச் சொல்லிவிட்டால் அதன்பிறகு இந்த வீட்டில் எப்படி முகம் பார்த்து இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றி வைத்தார்.

"சின்னவளே, எனக்குத் தண்ணி ஊத்தும்மா" என்றார். சின்னவள் ஊற்றினாள். "இல்ல, முழுசா ஊத்து. விளிம்பு வரைக்கும்."

அந்த டம்ளரை வலது கையால் எடுத்தார். முழங்கையை இடுப்பில் ஒட்டவில்லை, மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. கை அதன் இஷ்டத்துக்கு ஆடியது. தண்ணீர் அவர் சட்டையில், மேசை விரிப்பில், அவர் அத்தனை அழகாக வெட்டி அடுக்கிய கறியின்மேல் எல்லாம் கொட்டியது. அவர் நிறுத்தவில்லை, வாய் வரைக்கும் கொண்டுபோனார். வாய்க்குப் போய்ச் சேர்ந்தது பாதிகூட இல்லை.

அண்ணன் எழுந்து டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு அந்தக் கையை விடாமலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மாப்பிள்ளை சொல்லல?"

"சொன்னா கத்தரியைக் கேப்பீங்களே மச்சான்."

அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "கேக்கத்தான் போறேன்" என்றார்.

மாஸ்டர் தலையாட்டினார். அதைப் பார்த்து, தன் வாயாலேயே கத்தரியைப் பறித்துவிட்டோமே என்று அவள் நினைத்தாள். வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

அண்ணன் செல்போனை எடுத்தார். "காலர்காரர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"வேண்டாம் மச்சான். நான் பேசறேன்."

அவர் பிடித்தால் போன் காதோடு நிற்காது என்று, அவள்தான் நம்பரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம், பாத்திரச் சத்தம், அதற்கு நடுவே காலர்காரர், "மாஸ்டர்! ஹாப்பி கிறிஸ்துமஸ் மாஸ்டர்!" என்றார்.

"தம்பி, காலர் கோணினது உன்னால இல்ல. வெட்டே கோணல். என் கை நடுங்குது."

"என்ன மாஸ்டர்..." என்று சிரித்தார் அவர். "எனக்காக முதலாளிகிட்ட பழியை வாங்கிக்கறீங்களா? அதெல்லாம் வேண்டாம் மாஸ்டர். உங்க கை போய் நடுங்குமா? என் கைதான் மாஸ்டர், நான் பாத்துக்கறேன், மெதுவா சரி பண்ணிடுவேன்."

"நடுங்குதுப்பா. உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். நீ நூலைப் பிரிச்சப்பல்லாம் பாத்துட்டுச் சும்மா இருந்தேன்."

பாட்டுச் சத்தம் குறைந்தது. அவர் வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா மாஸ்டர்?"

இத்தனை நாளும் அழத் தெரியாத மாஸ்டர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்குப்பா" என்றார். "உன் கை நல்லாத்தான் இருக்கு."